பதில் சொன்னால்தான் நகரும் ஜன்னல்

வாசலில் பூனை குறுக்கே படுத்திருந்தால் அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர். பஸ் ஏறும்போது பின்னால் நிற்பவருக்கு வழிவிட்டு, அவருக்குப் பின்னால் நிற்பவருக்கும் வழிவிட்டு, கடைசியில் பஸ்ஸுக்கே வழிவிட்டுவிட்டு நடந்து வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘மறியல்’.

செருப்புக்கடைக்கு மேல்மாடியில், மூன்றே மேசைகள் கொண்ட ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் அது. முதல் மேசை முதலாளியுடையது. இரண்டாவது, திரையில் எது எங்கே என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற பெண்ணுடையது. பட்டப்பெயர் வைத்த புண்ணியம் அவளைச் சேரும். மூன்றாவதில் இருபத்திரண்டு வருடமாக நம்மவர் உட்கார்ந்து நிரல் எழுதுகிறார். கீழே யாராவது செருப்பைப் போட்டுப் பார்த்துத் தரையில் தட்டினால் அவர் மேசையில் பென்சில் உருளும். அதற்கும் அவர் வழிவிடுவார்.

பெயருக்குக் காரணம், அவர் கட்டுகிற ஜன்னல்கள். கணினியில் ஒரு கடிதம் அடித்துவிட்டு மூடப் போகிறீர்கள். ‘சேமிக்கவா, வேண்டாமா?’ என்று ஒரு சின்னப் பெட்டி முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு ஒரு பதிலைச் சொல்லாமல் பின்னால் இருக்கிற கடிதத்தைத் தொட முடியாது. எத்தனை தட்டுத் தட்டினாலும் ‘டிங்’ என்று ஒரு சத்தம்தான் கிடைக்கும். தொழிலில் இதை மோடல் என்பார்கள். நம்மவர் எழுதுகிற நிரல்களில் நாலு அடிக்கு ஒரு மோடல் நிற்கும். நிஜமாகவே அழிக்கவா? நிஜமாகவே வெளியேறவா? பிறந்த தேதி நாளைய தேதியாக இருக்கிறதே, பரவாயில்லையா? தெருவில் ஒருவரையும் மறிக்காத மனிதர் திரையில் ஊரையே மறித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கதையே வேறு. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியை. தோளுக்கும் காதுக்கும் இடையில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் விடைத்தாளைத் திருத்தி, மறுகையால் அடுப்பைத் தணித்து, அதற்கு நடுவில் கணவரையும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிற சாமர்த்தியம் அந்த அம்மாளுக்கு. அவருக்கோ ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடும். ஷூ கயிறு கட்டும்போது காது கேட்காது.

“ஏங்க, கேஸ் சொல்லியாச்சா?”

பதில் இல்லை. இரண்டாவது முடிச்சு விழுந்து, அதை ஒரு முறை இழுத்துப் பார்த்த பிறகு, “சொல்லியாச்சு” என்பார்.

“அதுக்குள்ள நான் ரெண்டு பேரை பெயிலாக்கிட்டேன்” என்பாள் மனைவி.

வேலை பார்க்கிற விதமும் அப்படித்தான். அடுத்த மேசைப் பெண்ணின் திரையில் எப்போதும் பதினைந்து ஜன்னல்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சலவைக்குப் போட்ட துணி மாதிரிக் கிடக்கும். இவர் திரையில் ஒன்று. நிரலை எழுதி முடித்ததும் எழுதுகிற கருவியை மூடிவிட்டு, மற்றதையெல்லாம் மூடிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் திறந்து சோதிப்பார். “குளிக்கற பிள்ளையைச் சட்டையோட நிறுத்தி குளிப்பாட்ட முடியுமா?” என்பது அவர் வாதம். இந்தச் சுத்தத்தில்தான் வினை இருந்தது என்பது பின்னால் தெரியவந்தது.

அவர்கள் மென்பொருளை வைத்திருந்த இடங்களில் ஒன்று, இரண்டு தெரு தள்ளி இருந்த ரத்தப் பரிசோதனை லேப். அங்கே வருகிறவர்களின் பெயர்கள் ஒரு பெரிய ஜன்னலில் வரிசையாக இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய முடிவுகளை எழுதுகிற இன்னொரு ஜன்னல் திறக்கும். கவுண்டரில் இருக்கிற அம்மாள் எண்களை அடித்து, சேமித்து, மூட வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது ஜன்னல் மோடல் அல்ல. அடித்துக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் வந்து, “என் ரிப்போர்ட் ஆச்சா?” என்று கேட்டால், அம்மாள் பெரிய ஜன்னலுக்குப் போய் அவர் பெயரைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து அடிப்பாள். எண்கள் புதிதாகத் தொட்டவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு யாரோ ஒருவருடைய சர்க்கரை போய்ச் சேர்ந்தது. மனிதர் எட்டு நாள் இனிப்பைத் தொடாமல், வீட்டில் எல்லோரிடமும் கண்கலங்கி மன்னிப்பெல்லாம் கேட்டுவிட்டார். மறு சோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வந்த கோபம், மன்னிப்பு கேட்டதற்காக.

லேப்பை நடத்துகிற டாக்டர் அன்றே கூப்பிட்டுவிட்டார். “ஒண்ணை எழுதறப்ப இன்னொண்ணைத் தொடவே முடியாதபடி பண்ணுங்க.”

இதைவிட இனிப்பான உத்தரவு நம்மவர் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆனால் ஒரு சிக்கல். அவர் நிரல் எழுதுகிற பழைய கருவியில் தயாராகக் கிடைக்கிற மோடல் பெட்டி சிறியது, இழுத்துப் பெரிதாக்க முடியாதது. முடிவுகளின் பட்டியலோ முழம் நீளம். ஆகவே ஒரு சாதாரண ஜன்னலையே எடுத்து அதற்கு மோடலின் குணத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் செய்தது இது: முதலில் பெரிய ஜன்னலின் காதைப் பொத்தினார், இனி எத்தனை தட்டினாலும் அதற்குக் கேட்காது. முடிவு எழுதுகிற சின்ன ஜன்னலைப் பெரியதின் பிள்ளை என்று பதிந்து வைத்தார். இல்லாவிட்டால் அது முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், எல்லாம் உறைந்துவிட்டதென்று ஜனங்கள் கணினியையே அணைத்துவிடுவார்கள். பிறகு, பதில் வரும்வரை காத்திரு என்றார். பதில் வந்ததும் சின்னதை மூடு, பெரியதின் காதைத் திற. அவ்வளவுதான். தன் மேசையில் எல்லாவற்றையும் மூடிவிட்டு இருபது முறை சோதித்தார். இருபது முறையும் வேலை செய்தது. சின்னது மூடியபின் பெரியதை ஒரு முறை கூடுதலாகத் தட்ட வேண்டியிருந்தது. கதவு திறந்திருந்தாலும் தட்டிவிட்டு நுழைகிற ஜாதி அவர். அதனால் அது உறைக்கவில்லை.

மூன்று வாரம் சத்தமில்லை. ஒரு வியாழக்கிழமை டாக்டரிடமிருந்து தொலைபேசி. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி முடித்துவிடுகிறவர் அந்த டாக்டர். பேசும்போதே எதையோ கையெழுத்துப் போடுகிற சத்தமும் கேட்டது.

“மாறிப்போன ரிப்போர்ட் ஒண்ணுகூட இல்லை. நல்ல வேலை. நாளைக்கு வந்து ஒரு புது லாகின் போட்டுக் குடுத்துடுங்க. திங்கக்கிழமைலேர்ந்து கவுண்டருக்குப் புதுப் பொண்ணு வருது.”

“இப்ப இருக்கற அம்மா சார்?”

“ஒன்பது வருஷம் ஒழுங்கா இருந்தாங்க. இப்ப சீட்டாட்டம் பிடிச்சுப்போச்சு. நான் எப்ப அந்தப் பக்கம் போனாலும் ஸ்கிரீன்ல சீட்டு. ஜனம் வரிசைல நிக்குது, இங்க ராஜா மேல ராணியை வச்சிட்டு இருக்காங்க. கேட்டா, நான் திறக்கலை, அதுவா வருதுங்கறாங்க. ஆடினதைக்கூட மன்னிச்சிருப்பேன். இந்தப் பொய்யைத்தான் தாங்க முடியலை. நாளையோட வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

‘அதுவா வருது.’ நிரல் எழுதுகிறவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் இல்லை. அதுவா அழிஞ்சுபோச்சு, அதுவா மூடிக்கிச்சு, நான் ஒண்ணுமே தொடலை. தொட்டிருப்பார்கள். நம்மவரும் டாக்டருடன் சேர்ந்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு தொலைபேசியை வைத்தார்.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்கு லேப்புக்குப் போனார். கவுண்டருக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை, அதன் உயரம் யாருடைய வாய்க்கும் பொருந்தாது. உள்ளே சுழல் நாற்காலியில், மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த அம்மாள். மேசையின் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் அவளுடைய டம்ளர், குடை, சின்னத் தொட்டியில் ஒரு செடி எல்லாம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தன.

“வாங்க சார். என் சீட்டைக் கிழிக்க நீங்கதான் வரீங்களா?”

“நான் லாகின் போடத்தான்மா வந்தேன்.”

“போடுங்க, யாரு வேணாங்கறா? அதுக்கு முன்னாடி இங்க உட்கார்ந்து ஒரே ஒரு ரிசல்ட்டை அடிச்சு மூடுங்க. நான் ரெண்டு கையையும் மடியில வச்சுக்கறேன். நல்லாப் பார்த்துக்குங்க, அப்புறம் நான் தொட்டேன்னு சொல்லக்கூடாது.”

அவருக்கு மறுக்கத் தெரியாது. உட்கார்ந்தார். வரிசையில் இருந்த முதல் பெயரைத் தொட்டார். முடிவு ஜன்னல் வந்தது. காகிதத்தைப் பார்த்து எண்களை அடித்தார், சேமித்தார், மூடினார்.

பச்சைத் துணி விரித்த மேசையும் ஏழு வரிசைச் சீட்டுகளும் திரை முழுக்க வந்து நின்றன. வலது ஓரத்தில் ஒரு சிவப்பு ஜாக்கி, போக இடமில்லாமல் காத்திருந்தார்.

அவர் அம்மாளைப் பார்த்தார். அம்மாளின் கைகள் மடியில் இருந்தன. இரண்டாவது பெயரை எடுத்துச் செய்து பார்த்தார். மறுபடி ஜாக்கி.

“இதை யாரும்மா திறந்து வச்சது?”

“நான்தான்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

“ஏழரைக்கு வந்து ரத்தம் சோதிக்கற மெஷினை ஆன் பண்றேன். அது சூடாக அரை மணி ஆகும். எட்டு மணிக்குக் கதவு திறக்கற வரைக்கும் ஒரு ஆட்டம். எட்டு அடிச்சா லேப் ஸ்கிரீனை முன்னால கொண்டுவந்துருவேன், அது பாட்டுக்குப் பின்னால கிடக்கும். ஒன்பது வருஷமா அப்படித்தான் கிடந்தது. இந்த மூணு வாரமாத்தான் கூப்பிடாம வந்து நிக்குது. டாக்டர் வரும்போதுன்னு பார்த்து வருது.”

“மூணு வாரமா?”

“நீங்க அந்தப் புது ஜன்னலைப் போட்டுட்டுப் போன நாள்லேர்ந்து.”

“அப்பவே சீட்டை மூடியிருக்கலாமே?”

“மூடினேன். அப்ப கூரியர் கம்பெனி வெப்சைட் வந்து நின்னுச்சு. அதையும் மூடினா வேற ஏதோ ஒண்ணு. சரி, இனிமே சீட்டையே திறக்கலைன்னு வைங்க. டாக்டர் என்ன நினைப்பாரு? பாரு, திட்டினதும் விட்டுட்டா, அப்ப ஆடினது நிஜம்தான்னு. செய்யாத தப்புக்கு நான் எதுக்கு சார் திருந்தணும்?” கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். “வேலை போனாக்கூட எங்கேயாவது கிடைக்கும். ஒன்பது வருஷம் பக்கத்துல இருந்தவளைப் பொய் சொல்றேன்னு சொன்னாரு பாருங்க, அதை எந்தப் பெட்டில வச்சு எடுத்துட்டுப் போறது?”

நம்மவர் பையைத் திறந்து மடிக்கணினியை எடுத்தார். பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை, வரிகள் மனப்பாடம். சின்னதை மூடு. பெரியதின் காதைத் திற. அந்த வரிசையில்தான் எழுதியிருந்தார்.

சின்ன ஜன்னல் மறைகிற கணத்தில், அடுத்து யாரை முன்னால் நிறுத்துவது என்று கணினி தேடும். முறைப்படி பெரிய ஜன்னல்தான் வர வேண்டும். ஆனால் அதன் காது இன்னும் பொத்தியபடி இருக்கிறது, திறக்கிற வரி இனிமேல்தான் வரப்போகிறது. கேட்காதவரை எப்படி முன்னால் நிறுத்துவது? கணினி அவரைத் தாண்டி, வரிசையில் அடுத்து நிற்கிறவரைக் கூப்பிட்டுவிடும். அங்கே சீட்டு நின்றால் சீட்டு, கூரியர் நின்றால் கூரியர். கண் இமைப்பதற்குள் பெரியவரின் காது திறக்கும். திறந்து என்ன செய்ய? இடத்தில் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று. முதலில் பெரியதைத் திறந்துவிட்டு அப்புறம் சின்னதை மூடியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. இரண்டே வரி. முன்னது பின்னதாகிவிட்டது.

தன் மேசையில் இருபது முறை சோதித்தும் ஏன் தெரியவில்லை? அங்கே வரிசையில் வேறு யாருமே நிற்கவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டல்லவா சோதித்தார். அடுத்த மேசைக்காரியின் சலவைத்துணித் திரையில் ஒரே ஒரு முறை ஓட்டியிருந்தால் அன்றே குட்டு உடைந்திருக்கும். மூன்று வாரம் முன்னால் தேவைப்பட்ட அந்த ஒரு கூடுதல் தட்டு இப்போது அவர் மண்டையில் விழுந்தது. நேற்றுச் சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது.

மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். விரலைக்கூட வைத்துவிட்டார். அப்போதுதான் வேறொன்று உறைத்தது. இப்போது சரிசெய்துவிட்டால் சீட்டு இனி வராது. டாக்டர் மாலையில் இந்தப் பக்கம் வந்து பார்ப்பார். திட்டினதும் விட்டுவிட்டாள் என்பார். பிழையைத் திருத்தினால் அம்மாள் சொன்னது பொய் என்றே நிரூபணமாகிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, திருத்தக் கூடாத பிழை ஒன்று அவர் கையில் இருந்தது. மடிக்கணினியை அப்படியே மூடினார்.

“டாக்டர் இருக்காராம்மா?”

“மாடில. சாப்பிடப் போயிடுவாரு, சீக்கிரம் போங்க.”

படியேறுவதற்கு முன் முதலாளியைக் கூப்பிட்டு இரண்டு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். முதலாளி அவரைவிடப் பத்து வயது இளையவர். வாடிக்கையாளர் முன்னால் ‘பிழை’ என்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது, ‘மேம்பாடு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

“அண்ணே, சத்தம் போடாம அந்த ரெண்டு வரியை மாத்திட்டு வந்துருங்க. நம்ம மேலதான் தப்புன்னு ஒரு தடவை சொல்லிட்டா, நாளைக்கு லேப்ல பல்பு ஃபியூஸ் போனாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. புரியுதா? அண்ணே? இருக்கீங்களா?”

அதற்குள் படியேறத் தொடங்கிவிட்டதால் அவர் பதில் சொல்லவில்லை.

டாக்டர் நின்றபடியே ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, சாவியைத் தேடிக்கொண்டு, ஒலிக்கிற தொலைபேசியை நிறுத்திக்கொண்டு இருந்தார்.

“சார், ஒரு விஷயம்...”

“லாகின் ஆச்சா? வெரி குட்.” சாவி கிடைத்துவிட்டது. டாக்டர் கதவை நோக்கி வந்தார். நம்மவரின் உடம்பு, ஐம்பது வருடப் பழக்கத்தில், தானாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டது. டாக்டரின் ஒரு கால் வராந்தாவுக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததை அவர் மனைவி இன்றுவரை முழுசாக நம்பவில்லை. அவர் ஒரு எட்டு எடுத்து வைத்து, வராந்தாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றார். டாக்டர் வலது பக்கம் நகர்ந்தார். இவரும் நகர்ந்தார். இடது பக்கம். அங்கேயும்.

“என்ன சார் வேணும் உங்களுக்கு?”

“உங்க கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு ரிசல்ட்டைத் திறந்து மூடணும் சார். செய்வீங்களா, மாட்டீங்களா?”

“எனக்குச் சாப்பிடப் போகணும்.”

“அது பதில் இல்லை சார்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. கோபமும் இல்லை. வியர்த்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் நின்ற நிலையில், இது நகராது என்பது டாக்டருக்குத் தெரிந்துவிட்டது. ரோகிகளைப் பார்த்துப் பழகிய கண். முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போடுவதோடு சரி; முடிவுகளை எழுதுகிற அந்த ஜன்னலை அவர் அதுவரை திறந்ததே இல்லை. ஒரு பெயரைத் தொட்டார். ஜன்னல் வந்தது. ஒரு எண்ணை அடித்து அழித்தார். மூடினார்.

திரையில் இரண்டு ஆண் தலைகள் வந்து நின்றன. இரண்டும் ஒரே மனிதருடையவை. இடப்பக்கத் தலையில் ஒன்றுமில்லை. வலப்பக்கத் தலையில் காடு. மேலே பெரிய எழுத்தில்: ‘ஆறே மாதத்தில் அடர்த்தியான முடி.’

டாக்டரின் கை தன் உச்சந்தலைக்குப் பாதி தூரம் போய்த் திரும்பியது.

“அது... ஏதோ விளம்பரம்.”

“இருக்கலாம் சார். இப்ப நீங்க அதைத் திறந்தீங்களா, அதுவா வந்துச்சா?”

டாக்டர் நீண்ட நேரம் யோசித்தார். கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற மனிதருக்கு அது ஒரு புதிய அனுபவமாக இருந்திருக்க வேண்டும்.

“அதுவாத்தான் வந்துச்சு.”

“அந்தம்மாவும் அதைத்தான் சார் சொன்னாங்க.”

“அப்ப இது உங்க சாஃப்ட்வேர்ல...”

“பிழை சார்.” வார்த்தை வெளியே வந்துவிட்டது, உத்தரம் ஒன்றும் இடிந்து விழவில்லை. “என்னோடது. முன்னால எழுத வேண்டிய வரியைப் பின்னால எழுதிட்டேன். ஜன்னலை மூடினா, பின்னால என்ன கிடக்குதோ அது முன்னால வந்துரும்.”

டாக்டர் அவ்வளவு சுலபத்தில் தோற்பவர் அல்ல. “சரி. ஆனா சீட்டு பின்னால கிடந்திருக்குல்ல? இல்லாததா வரும்?”

“கிடந்தது சார். காலைல ஏழரைலேர்ந்து எட்டு வரைக்கும் ஆடறாங்க, கதவு திறக்கறதுக்கு முன்னாடி. இது எப்பலேர்ந்து சார் கிடக்குது?”

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. எது எந்த நேரத்திலிருந்து திறந்திருக்கிறது என்று விசாரிப்பது அவர் தொழில். டாக்டர் ஜன்னலை மூடிவிட்டுப் பதிலைத் தவிர்த்தார்.

“சரி, வழியை விடுங்க. பார்த்துக்கலாம்.”

“திங்கக்கிழமைக்கு அந்த லாகினைப் போடவா சார், வேண்டாமா?”

“நான்தான் பார்த்துக்கலாம்னு...”

“போடவா, வேண்டாமா?”

மேசையில் தொலைபேசி மறுபடி ஒலித்தது. டாக்டர் அதை எடுக்க நினைத்து, எடுக்காமல், எதிரே நிற்கிற மனிதரைப் பார்த்தார். அங்கே மூன்றாவதாக ஒரு பொத்தான் இல்லை.

“வேண்டாம்” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, “அந்தப் புதுப் பொண்ணை ரத்தம் எடுக்கற இடத்துல போட்டுக்கறேன். அங்கேயும் ஆள் இல்லாமத்தான் இருக்கு. அவங்ககிட்ட நான் சொல்லிடறேன்.”

“இப்பவே போலாம் சார். நீங்க முன்னால போங்க” என்று நம்மவர் வழிவிட்டார்.

கவுண்டரில் டாக்டர் கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்தார். உயரம் அவருக்கும் பொருந்தவில்லை. “அந்த... ஜன்னல்ல ஏதோ தப்பு நடந்திருக்கு போல. நீங்க சொன்னது சரிதான். திங்கக்கிழமை வழக்கம்போல வந்துருங்க.”

“ஜன்னல் பண்ணலை, நான் பண்ணினேன்” என்றார் பின்னாலிருந்து நம்மவர்.

அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வரேன் டாக்டர். நேத்து கையெழுத்துப் போடாம விட்ட நாலு ரிப்போர்ட் மேல்தட்டுல இருக்கு. நீங்க மறந்துட்டீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. பிரிண்டர் ரிப்பேர்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.” ஒரு மூச்சு விட்டு, “அதுதான் இந்த ஒன்பது வருஷத்துல நான் சொன்ன ஒரே பொய்” என்றாள்.

டாக்டர் நாலு ரிப்போர்ட்டிலும் அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மதிய இடைவேளைக்குக் கதவு சாத்தியதும் நம்மவர் இரண்டு வரிகளை இடம் மாற்றினார். பெரியதின் காதைத் திற. சின்னதை மூடு. அம்மாளின் கணினியில் ஏற்றினார். இந்தத் தடவை எதையும் மூடவில்லை. சீட்டு, கூரியர், இன்னும் நாலைந்து பக்கங்கள் எல்லாம் பின்னால் கிடக்கவே சோதித்தார். முடிவு ஜன்னலை மூடினார். பெயர்ப் பட்டியல் வந்தது. மறுபடி மூடினார். பட்டியல். கூடுதல் தட்டு எதுவும் தேவைப்படவில்லை. அம்மாள் அட்டைப்பெட்டியிலிருந்து செடியை எடுத்து அதன் பழைய இடத்தில் வைத்தாள், பிறகு குடை, பிறகு டம்ளரில் டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பையை மாட்டிக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

“என்ன சார், இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?”

“அந்த ஆட்டம்மா. பின்னால திறந்தபடியே கிடக்குது.”

“கிடக்கட்டுமே. இனிமே அது வராதுல்ல?”

“வராது. இருந்தாலும் பாதியில நிக்குது.”

அம்மாள் சிரித்துக்கொண்டே சீட்டை முன்னால் கொண்டுவந்தாள். சிவப்பு ஜாக்கி அதே இடத்தில் நின்றார். அவர் பையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்தக் கறுப்பு ஏழைச் சிவப்பு எட்டு மேல வைங்க.”

“வச்சா கீழ என்ன வரும்னு தெரியாது.”

“அதுக்குத்தானேம்மா வைக்கறது.”

பையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரிந்தது, முதலாளி. டாக்டர் கூப்பிட்டிருப்பார், ‘பிழை’ என்கிற வார்த்தை இரண்டு தெரு தாண்டி மாடியேறியிருக்கும். திரும்பிப் போனால் விளக்கம் சொல்ல வேண்டும். அதிர்வு நின்றது, மறுபடி ஆரம்பித்தது.

“எடுங்க சார், பாவம், யாரோ விடாம கூப்பிடறாங்க.”

“எடுக்கறேன்மா” என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த ஜாக்கிக்கு ஒரு வழி பண்ணிட்டு.”